வதனம் மாத்திரையும் தாய்மாமன் முகமும்

கந்தர்வக்கோட்டை
7.4.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நேற்று அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். உன் அப்பா எடுத்து, "அது வெளிய போயிருக்கே மாப்ள" என்றார். பின்னாலேயே, "குளிக்கிறேன்னு சொல்லுங்கப்பா" என்று உன் குரல் கேட்டது. இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு அவரைப் பேசச் சொல்.

என் போனில் கூப்பிட வழியில்லை. அது முகத்தைப் பார்த்துத் திறக்கிற போன். இப்போது என் முகத்தைப் பார்த்தால் திறக்க மறுக்கிறது, எண்ணைப் போடு என்கிறது. அந்த எண்ணை வைத்தவள் நீ. கடையில் கொடுத்தால் திறந்துவிடலாம், ஆனால் உள்ளே இருக்கிற படமெல்லாம் அழிந்துவிடும் என்கிறார்கள். நம் கல்யாணப் படமும் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். அலமாரியில் வதனம் மாத்திரை அட்டையைப் பார்த்தாய். இரண்டு மாத்திரை இருக்க வேண்டிய அட்டையில் ஒன்றுதான் இருந்தது. "யாருக்கு இந்த அழகு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் இடது புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாய், பையை எடுத்தாய், ஆவுடையார்கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

சினிமாக்காரர்களும் கல்யாணப் பெண்களும் சாப்பிடுகிறார்களே, ஒரே ராத்திரியில் முகம் பளபளத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டப்பாவில் இருந்த தாளை நீ போன பிறகுதான் படித்தேன். மாத்திரை உள்ளே போனதும் முகம் இளகிவிடுமாம். எதிரே இருந்து யார் அதிகம் பார்க்கிறார்களோ அவர்கள் முகம் எப்போது மலர்கிறது, எப்போது சுருங்குகிறது என்று கவனித்து, அவர்கள் கண்ணுக்கு எது அழகோ அதற்கேற்ப எலும்பு, தசை, முடி எல்லாம் தன்னைத் திருத்திக்கொள்ளுமாம். ஒரு மாதத்தில் இறுகிவிடுமாம். அப்புறம் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாதாம்.

நீ போய்விட்டாய். தோப்பில் வேலை செய்கிறவர்கள் முந்திரியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பதில்லை. மிச்சம் இருந்தது அம்மா. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கைக்குப் பிடித்தது குஞ்சின் அப்பனை. சுவரில் மாலையோடு தொங்குகிற என் அப்பா தங்கமுத்து இப்போது அந்தக் கெடா மீசையோடு உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எண்ணை மட்டுமாவது எழுது.

எழிலரசன்


ஆவுடையார்கோவில்
10.4.2025

திரு. எழிலரசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கதை நன்றாக இருக்கிறது.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் முகத்துக்கு ஒரு பவுடர் பூசியதில்லை. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கிரீமைக் காலில் வந்த வெடிப்புக்குத் தடவிய மனுஷர் நீங்கள். அப்படிப்பட்டவர் அலமாரியில் அழகு மாத்திரையை ஒளித்து வைத்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? தஞ்சாவூர் ரோட்டில் காரை நிறுத்தி முந்திரி வாங்குகிற பெண்களிடம் நீங்கள் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி கொசுறு போடுகிறீர்கள். எங்கள் அப்பா வாங்கினால் கொசுறு கிடையாது.

இப்போது மாமா முகம் வந்துவிட்டது, மீசை வந்துவிட்டது என்கிறீர்கள். போட்டோ அனுப்புங்கள் என்றால் போன் திறக்கவில்லை என்பீர்கள். போன் எண்ணைக் கடிதத்தில் எழுத மாட்டேன். கொடுத்தால் முதல் வேலையாக எதை அழிப்பீர்களோ, யாருக்குத் தெரியும்.

யாருக்காகச் சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு பக்கக் கடிதத்தில் பதில் இல்லை என்பதைக் கவனித்தேன்.

பிரகதீஸ்வரி


கந்தர்வக்கோட்டை
14.4.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

புத்தாண்டும் அதுவுமாக உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உனக்காகத்தான் சாப்பிட்டேன்.

தங்கச்சி மகன் செம்மல் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்க நம் இரண்டு பேர் போட்டோவையும் வாங்கிப் போனார்களே, அதன் மாதிரி போனில் வந்த அன்று நினைவிருக்கிறதா? முந்திரிக்கொட்டை சுடும்போது எண்ணெய் தெறித்துக் கன்னத்தில் கறுத்துப்போன இடத்தை ஸ்டுடியோக்காரன் வழித்து எடுத்துவிட்டிருந்தான். அதைப் பார்த்து நீ, "அட, யாரு இந்த ஆளு, நல்லாருக்காரே" என்றாய். சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தாய். இரண்டாவது முறை பார்த்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் மாத்திரையை வாங்கிவந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது ஊரில் நடப்பதுதான். எனக்கு அப்பாவாகவே முடிந்துவிட்டது.

வீட்டு நிலைமையைக் கேள். தினமும் பாகற்காய். எனக்குப் பிடிக்காது, அப்பாவுக்குப் பிடிக்கும். நேற்றுச் சோற்றைப் போட்டுவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். "கல்யாணமான புதுசுல புதுக்கோட்டைக்குப் படம் பாக்கக் கூட்டிட்டுப் போனீங்கள்ல. என்னைய தியேட்டர் வாசல்ல நிக்க வச்சிட்டு எங்கிட்டுப் போனீங்க?" என்றாள். நான் அப்போது பிறக்கவே இல்லை என்றேன். "இப்படித்தான் எப்பவும் பேச்சை மாத்துவீங்க" என்றாள். என் தாய்மாமன் கல்யாணத்துக்கு அப்பா ஏன் வரவில்லை என்ற விசாரணை இரண்டு நாளாக நடக்கிறது. டீக்கடையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் என்னைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் கிட்டே வந்து, அங்கே வசதியெல்லாம் எப்படி என்று மெதுவாகக் கேட்டார்.

சிரிக்காதே. மே நாலாம் தேதி காதுகுத்து. அமுதவல்லியின் மாமியார் அமராவதி, "செத்துப்போன சம்பந்தி மடியில எம்பேரனை உக்கார வச்சுக் காது குத்துறதா? மொகம் மாறலன்னா பங்காளி வீட்டுப் பயல் ஒருத்தன மடி கொடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அமுதவல்லி அழுகிறாள். அவளுக்கு நான் ஒரே அண்ணன். அவள் பிள்ளைக்கு நான் இருக்கும்போது இன்னொருத்தன் மடி கொடுத்தால், அப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன?

வந்து எதிரே உட்கார்ந்து என்னைப் பார். நான் கேட்பது அவ்வளவுதான். மாதம் முடிய அதிக நாள் இல்லை.

எழிலரசன்


ஆவுடையார்கோவில்
18.4.2025

மாமனார் முகத்தில் இருப்பவருக்கு,

நம்புகிறேன். நேற்று அத்தை போன் செய்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மாமாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவர் படத்துக்கு மாலை மாற்றும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் மாற்றுவார்கள். நேற்று, "அவரு வெத்தல கேட்டாரு, இரு வாரேன்" என்று போனை வைத்துவிட்டார்கள். குரல் புதுப்பெண் குரலாக இருந்தது. நீங்கள் வெற்றிலை கேட்டீர்களா?

ஃபிளெக்ஸ் விஷயம். நான் சொன்னது கேலி. அந்தப் படத்தில் நீங்கள் துணிக்கடை பொம்மை மாதிரி இருந்தீர்கள். இரண்டாவது முறை பார்த்தது, பக்கத்தில் நின்ற என் கழுத்தில் தாலிக்கொடியையும் சேர்த்து வழித்துவிட்டானா என்று பார்ப்பதற்காக. இதை அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு மாத்திரையும் ஒரு மாதமும் மிச்சம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு இப்போது குத்துகிறது குடைகிறது என்கிறீர்கள்.

ஆனால் நான் வர முடியாது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உளுந்து வேறு காயவைத்திருக்கிறது. பார்ப்பதற்கு ஒரு ஆள்தானே வேண்டும்? அமுதவல்லியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கூட்டாளி அடைக்கலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சும்மாதானே இருக்கிறார்.

பிரகதீஸ்வரி


கந்தர்வக்கோட்டை
21.4.2025

ஈஸ்வரிக்கு,

நீ சொன்னபடியே செய்து பார்த்தோம்.

அமுதவல்லி வந்து உட்கார்ந்தாள். முதல் அரைமணி நேரம் அழுதாள். மீதி நேரம் கையில் இருந்த போனைப் பார்த்தாள். என் வலது காது மட்டும் கொஞ்சம் சிறுத்தது.

அடுத்து அடைக்கலம். அவன் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தான். "என்னால முடியலடா, ஒங்கப்பா என்னைய மாங்கா திருடுனதுக்கு அடிக்க வந்த மாரியே இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் முகம் மலர்கிறது என்று மருந்து நினைத்துக்கொண்டது. அவன் சிரிக்கச் சிரிக்க என் மூக்கு நீண்டது. அதைப் பார்த்து அவன் இன்னும் சிரித்தான். சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்கே பயமாகிவிட்டது. அம்மா அவனை விளக்குமாற்றால் விரட்டிவிட்டு, மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து என்னை அப்பாவாக்கினாள்.

உளுந்து காய்கிறது என்று எழுதியிருக்கிறாய். சித்திரை வெயிலில் அது ஒரு நாளில் காய்ந்துவிடும். நீ வராததற்குக் காரணம் உளுந்து இல்லை. எனக்குத் தெரியும்.

உன் மாமா மகன் வெற்றிசெல்வன் உன்னைப் பெண் கேட்டதும், உன் அப்பா யோசித்ததும் ஊருக்கே தெரியும். ஆள் சிவப்பு, உயரம், சிங்கப்பூர். நீ வந்து எதிரே உட்கார்ந்தால் என் முகம் அவன் முகமாகிவிடும் என்று பயப்படுகிறாய். எனக்கும் அதே பயம்தான். நேற்று ராத்திரி பூராவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசித்து முடித்துவிட்டேன். அவன் முகமே வந்தாலும் வரட்டும், நீ வா. அந்த முகத்தோடு உட்கார்ந்து செம்மலுக்கு மடி கொடுக்கிறேன். மடி என்னுடையதுதானே. அதற்கப்புறம் வாழ்நாள் பூராவும் உனக்குப் பிடித்த முகத்தை நீ பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் கண்ணாடி பார்க்காமல் இருந்துகொள்கிறேன்.

எழிலரசன்

பி.கு. வெற்றிலை நான் கேட்கவில்லை. வாயில் வைத்துத் திணித்தாள்.


ஆவுடையார்கோவில்
24.4.2025

செம்மலின் தாய்மாமனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

வெற்றிசெல்வனுக்கு இப்போது முன்தலையில் முடி இல்லை. யாரைப் பார்த்தாலும் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது அவனுக்குப் பயந்து நான் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். அவன் முகம் எனக்கு எதற்கு?

என் பயம் வேறு. மாமா பெயரை எடுத்தாலே திட்டுகிற அத்தை மனதில் மாமா அப்படியே மீசை குறையாமல் இருந்திருக்கிறார். அவர்களுக்கே அது தெரிந்திருக்குமா? அப்படியானால் என் மனதில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் காலேஜ் போன காலத்தில் அறந்தாங்கி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். நன்றாகச் சிரிப்பார், சில்லறையைச் சரியாகக் கொடுப்பார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வந்து உட்கார்ந்து, மூன்றாம் நாள் அந்த மனுஷர் முகம் உங்கள் கழுத்துக்கு மேலே வந்து நின்றால் என் மானம் என்ன ஆவது? உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அது உங்கள் முகமாகவும் இருக்காதே.

உளுந்து காய்ந்து, உடைத்தும் ஆகிவிட்டது. இனிமேல் சாக்கு இல்லை. சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் அத்தையை அமுதவல்லி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். விசேஷ வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற கண்ணாடிகளையெல்லாம் திருப்பி வையுங்கள். என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று என்னை நச்சரிக்கக் கூடாது. கண்டக்டர் வந்தால் நானே சொல்கிறேன்.

பிரகதீஸ்வரி


கந்தர்வக்கோட்டை
8.5.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கட்டுப் பிரித்ததும் எழுது.

போன் திறந்துவிட்டது. நீ பஸ் ஏறிப் போன மறுநாள் சும்மா எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன், உடனே திறந்தது. அதற்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. இருந்தாலும் கடிதமே எழுதுகிறேன். போனில் பாதியில் வைத்துவிடுகிறாய்.

அம்மாவைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நீ வருவதற்கு முதல் நாள் அவளை அமுதவல்லி வீட்டுக்குக் கிளப்பினேன். "இன்னும் ரெண்டு நாள் இருங்க, கேக்க வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றாள். கேட்டுவிடு என்று எதிரே உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றாள். கிளம்பியது அவள்தான். ஆனால் என்னை அம்மா மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் கடைசி. திரும்பி வந்ததிலிருந்து பழையபடி டா போட்டுத் திட்டுகிறாள். பாகற்காய் நின்றுவிட்டது. சுவரில் அப்பா படத்துக்குப் போடுகிற மாலையை மட்டும் திட்டாமல் மாற்றுகிறாள்.

காதுகுத்தைப் பற்றி இங்கே இன்னும் பேசுகிறார்கள். வாசலில் நின்ற ஃபிளெக்ஸில் வழித்த கன்னமும் மீசையுமாக ஒருத்தன். மடி கொடுக்க வந்தவன் கறுத்த கன்னத்தோடு மீசை இல்லாமல் இருக்கிறான். "இதுல தாய்மாமன் யாருப்பா?" என்று ஆசாரி கேட்டுவிட்டார். அமராவதி அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீ அங்கிருந்தே ஒரு பார்வை பார்த்தாய். "அவருதான், அவருதான், குத்துங்க" என்று உட்கார்ந்துவிட்டார். செம்மல் என் மடியில் ஏறி, காது குத்தும்வரைக்கும் கன்னத்துக் கறுப்பை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். பந்தியில் நீ நின்ற பக்கம் மட்டும் இரண்டாம் தடவை கறி கேட்காமலே வந்ததாகச் சொல்கிறார்கள். யார் மேல் உனக்கு அவ்வளவு கோபம் என்று அடைக்கலம் கேட்டான்.

நீ எதிரே உட்கார்ந்த அந்த நாட்களில் நான் கண்ணாடி பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் நீ கண்ணாடியைத் திருப்பிக் காட்டியபோது என் பழைய முகம் இருந்தது. எதற்காக மாத்திரை சாப்பிட்டேனோ அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதை விட்டு வைத்திருக்கிறாய். எனக்குச் சந்தோஷம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இப்படி எழுதிவிடுகிறேன்.

மீசையைப் பற்றித்தான் ஒரு கேள்வி. பதினெட்டு வயதிலிருந்து சீவி வளர்த்த மீசை. ஒரு முடிகூட இல்லையே, ஏன்?

இன்னொன்று. அட்டையில் மிச்சம் இருந்த மாத்திரையைக் காணவில்லை. அம்மா எடுத்திருப்பாளோ என்று பயமாக இருக்கிறது.

எழிலரசன்


ஆவுடையார்கோவில்
13.5.2025

என்னங்க,

மீசை குத்துகிறது. கல்யாணமான அன்றிலிருந்து குத்துகிறது. தினமும் அதற்கென்று ஒரு சீப்பு வைத்து நீங்கள் சீவுவதைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். மனதுக்குள் இருந்தது முகத்தில் போய் நின்றுவிட்டது. இனி வளர்க்க வேண்டாம்.

கறுப்பை ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் மாமா முகம் கரைந்துகொண்டிருந்தபோது அங்கே ஒன்றும் இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அது லேசாகக் கறுத்ததும், நீங்கள்தான் என்று தெரிந்துபோயிற்று. கண்டக்டர் வரவில்லை. எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு, காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

அத்தையைச் சந்தேகப்படாதீர்கள். மாத்திரையைச் சாப்பிட்டது நான்தான்.

வந்த அன்றே சாப்பிட்டுவிட்டேன். நீங்கள் முகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மட்டும் பரீட்சை மேற்பார்வை பார்ப்பவள் மாதிரி எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது மட்டுமில்லை. நீங்கள் எனக்காகச் சாப்பிட்டீர்கள், சரி. உங்கள் மனதில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டாமா? கொசுறு வாங்குகிற பெண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

காலையில் நீங்கள் எழுவதற்கு முன்னால் கண்ணாடியைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே மூக்கு, அதே எடுப்புப் பல். சந்தோஷமாக இருந்தது. பல்லையாவது கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கலாம் என்றும் இருந்தது. ஊருக்குத் திரும்பும்வரைக்கும் அப்படியேதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். பார்வை நன்றாகத் தெரிகிறது. முதலில் என்னைத்தான் பார்த்தார். "என்ன தாயி, நான் என்ன செஞ்சேன், இப்படி மொறச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார். நான் முறைக்கவில்லை என்றேன். "இப்பயும் மொறைக்கிறியே" என்றார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். பல்லையும் மூக்கையுமே பார்த்துக்கொண்டிருந்தவள் புருவத்தைக் கவனிக்கவில்லை. இடது புருவம் மேலே ஏறி நிற்கிறது. இறக்கிப் பார்த்தேன், இறங்கவில்லை. கோபம் வந்தால் ஏறுகிற புருவம் கோபமே இல்லாமல் ஏறி நிற்கிறது. காதுகுத்தில் அமராவதி அம்மாள் ஏன் பேசாமல் உட்கார்ந்தார், பந்தியில் கறி ஏன் ஒழுங்காக வந்தது என்று இப்போது புரிகிறது. இங்கே பால்காரர் தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறார்.

மூன்று வருடமாக நான் கோபப்பட்டால் நீங்கள் பதில் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். பயந்து நிற்கிறார் என்று நினைத்தேன். ரசித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

இன்னும் இறுகவில்லை. நாள் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தால் இறங்கிவிடும்தான். ஆனால் உங்களால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, முடிய வேண்டும் என்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாண்டுக்கு வாருங்கள். இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து, இவள் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று தயங்கித் தூரத்தில் நிற்காதீர்கள். அது நீங்கள் ஆசைப்பட்ட முகம்தான்.

ஈஸ்வரி